கேபிள் உறையில் கம்பியின் கனத்தை அச்சிட்டு விற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

டேப்லெட்டுக்கென்று கடைகளில் விற்கப்படும் சார்ஜிங் கேபிள்களின் பொட்டல உறை மீது, கேபிளின் நீளம், அதனுள் மின்சாரத்தைக் கொண்டு செல்லும் கம்பியின் கனம், அது தாங்கும் ஆம்பியர் ஆகிய மூன்றையும் அச்சிட்டுத்தான் விற்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக வணிகர்களுக்கும் அரசுக்கும் முன்வைக்க விரும்புகிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவில் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், அறுந்துபோனவை, சூடேறியவை, ‘சார்ஜ் ஏறவில்லை’ என்று ஒதுக்கப்பட்டவை என்று பலவகைக் கேபிள்களை அக்கம்பக்கத்தார் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பதுண்டு. அவற்றைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றையும், வாங்குபவர் கவனிக்க வேண்டியவை என்று நான் கருதுபவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

டேப்லெட் தன் கேபிளுக்குக் கொடுக்கும் வேலை கைப்பேசி கொடுப்பதைவிடக் கடுமையானது. கைப்பேசியின் பேட்டரி இப்போது பெரும்பாலும் 5,000 மில்லி ஆம்பியர்-மணி அளவில் இருக்க, டேப்லெட்டில் அது 7,000 முதல் 10,000 வரை இருக்கிறது. ஆகவே கேபிள் அதனுடன் இணைந்திருக்கும் நேரமும் கூடுகிறது. டேப்லெட்டின் எடையும் அரைக் கிலோவை ஒட்டி வருகிறது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் அதை எடுத்து, கேபிள் செருகிய விளிம்பை மடியிலோ தரையிலோ ஊன்றி வைத்துக்கொண்டு பாடம் கேட்கிறார்கள். கூடாதென்று எத்தனை முறை சொன்னாலும் வீடுகளில் நடப்பது அதுதான் என்பதால், அந்தப் பயன்பாட்டைத் தாங்கி நிற்கும் கேபிளைத்தான் நாம் தேடியாக வேண்டும். அரசு வழங்கிய கையடக்கக் கணினியை அன்றாடம் கையாளும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும்.

நம் பக்கத்து வீடுகளின் அமைப்பு இதில் ஒரு தனிச் சிக்கலை உண்டாக்குகிறது. மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளானாலும், உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களில் முன்பு கட்டிய காரை வீடுகளானாலும், கூடத்துக்கு ஒரு சுவிட்ச் போர்டு, அதுவும் நின்றுகொண்டு கையை நீட்டினால் எட்டும் உயரத்தில், மின்விசிறி சுவிட்சோடும் விளக்குச் சுவிட்சோடும் சேர்ந்தே இருக்கும். தரையை ஒட்டிப் பிளக் பாயின்ட் வைக்கும் வழக்கம் பிற்பாடு வந்தது. டேப்லெட்டோடு பெட்டியில் வரும் கேபிளோ பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளம்தான். போர்டிலிருந்து இறங்கும் அந்த ஒரு மீட்டர், பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கைக்கு வந்து சேராது. அதனால் டேப்லெட்டை ஜன்னல் திண்டில் சாய்த்து வைக்கிறார்கள், ஆணியில் மாட்டிய துணிப் பைக்குள் போடுகிறார்கள். எதன் மீதும் படாமல் கேபிளின் பிடியிலேயே டேப்லெட் அந்தரத்தில் தொங்குவதையும் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்போது அதன் முழு எடையும் அந்தச் சிறிய செருகுமுனையின் கழுத்தில்தான் விழுகிறது. ஆகவே, இங்கே ஒன்றரை மீட்டர் அல்லது இரண்டு மீட்டர் கேபிள் என்பது ஆடம்பரமன்று, தேவை. கடையில் ‘நீளமாக ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிவிடுகிறோம். நீளம் கூடியதற்கு ஏற்ப உள்ளே கம்பியும் கனத்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரரிடம் பதில் இருப்பதில்லை, ஏனெனில் உறையில் அது எழுதப்படவில்லை.

வீட்டுக்கு ஒயரிங் செய்யும்போது விளக்குக்கு ஒரு சதுர மில்லிமீட்டர், ஏ.சி.க்கு நான்கு சதுர மில்லிமீட்டர் என்று பார்த்துப் பார்த்துக் கம்பிச் சுருள் வாங்குகிறோம். கேபிளுக்கும் அதே கணக்குத்தான். இதில் கம்பியின் கனம் ஏ.டபிள்யூ.ஜி. என்ற அமெரிக்க அளவுமுறையில் குறிக்கப்படுகிறது. எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 28ஆம் எண் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 0.08 சதுர மில்லிமீட்டர், 24ஆம் எண் கம்பிக்கு 0.2, 20ஆம் எண் கம்பிக்கு 0.5. சுத்தமான செம்பாகவே இருந்தாலும் 28ஆம் எண் கம்பிக்கு மீட்டருக்கு 0.213 ஓம் மின்தடை உண்டு. மின்சாரம் போவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று என இரு கம்பிகள் இருப்பதால், ஒரு மீட்டர் கேபிளில் மொத்தத் தடை 0.43 ஓம் ஆகிறது. 5 வோல்ட் கொடுக்கும் பழைய வகை அடாப்டரில் 2 ஆம்பியர் ஓடினால், அந்தக் கேபிளிலேயே 0.86 வோல்ட் இழக்கப்பட்டு, டேப்லெட்டுக்கு 4.14 வோல்ட்தான் போய்ச் சேரும். இரண்டு மீட்டர் என்றால் இழப்பு 1.7 வோல்ட். இப்படி வோல்டேஜ் இறங்கும்போது டேப்லெட்டினுள் இருக்கும் சார்ஜிங் சுற்று, தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. இரவு படுக்கும்போது செருகிய டேப்லெட் விடிந்த பிறகும் நிறையாமல் கிடப்பதற்கு இதுவே பல வீடுகளில் காரணம். அதே இரண்டு மீட்டருக்கு 24ஆம் எண் கம்பி போட்டிருந்தால் இழப்பு 0.67 வோல்ட்டாகவும், 20ஆம் எண் போட்டிருந்தால் 0.27 வோல்ட்டாகவும் குறைந்துவிடும். பேட்டரி கெட்டுவிட்டது என்று பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிச் செல்வதற்கு முன் ஒருமுறை கேபிளை மாற்றிப் பார்க்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். 9 வோல்ட்டிலோ அதற்கு மேலோ மின்சாரம் தரும் புதிய அடாப்டர்களில் இந்த இழப்பின் பாதிப்பு குறைவுதான். ஆனால் பழைய 5 வோல்ட் அடாப்டரையே இன்னமும் பயன்படுத்தும் குடும்பங்கள் ஏராளம்.

கம்பியின் கனம் மட்டுமின்றி, அது எந்த உலோகம் என்பதும் கேள்விக்குரியது. உறையில் விவரம் ஏதுமின்றி மலிவாக விற்கப்படும் கேபிள்களின் தோலைப் பிளேடால் நீக்கி, உள்ளிருக்கும் சிவப்பு உறைக் கம்பியை எடுத்து அதன் இழையைச் சுரண்டிப் பார்த்தால், சிலவற்றில் செம்பு நிறம் மேற்பூச்சாக உதிர்ந்து உள்ளே வெள்ளை தெரிகிறது. அது செம்பு போர்த்திய அலுமினியம். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பின் திறனில் அறுபது விழுக்காட்டை ஒட்டியதுதான். அதோடு, மீண்டும் மீண்டும் மடங்கும்போது செம்பைவிட விரைவில் முறிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, மேலே வெள்ளையாகவும் சுரண்டினால் உள்ளே செம்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல கம்பி; அதைப் போலி என்று எண்ணிவிடக் கூடாது. இழைகளின் எண்ணிக்கையும் முக்கியம். ஒரே கனத்துக்குச் சில தடித்த இழைகளை வைப்பதைவிட, மெல்லிய இழைகள் பலவற்றை முறுக்கி வைத்தால் கம்பி வளைந்து கொடுக்கும். வளையும் இடத்தில் உலோகம் இறுகி நொறுங்குவது தள்ளிப்போகும். இவை எதையும் கடையில் நின்றபடி வாங்குபவரால் பார்க்க முடியாது என்பதே என் ஆதங்கம்.

பார்க்கக்கூடியது ஒன்று உண்டு, அது கழுத்து. என்னிடம் வந்த கேபிள்களில் நடுவில் அறுந்தவை அரிது. எலி கடித்தவற்றைத் தவிர்த்தால், ஏறத்தாழ எல்லாமே செருகுமுனையை விட்டு வெளிவரும் இடத்தில், டேப்லெட் பக்கத்து முனையில்தான் முறிந்திருந்தன. மேல்தோல் பழுதின்றி இருக்கும், உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக விட்டுப்போய் ஓரிரண்டு மட்டும் மின்னோட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கும். அந்த இடம்தான் சூடேறுகிறது, ‘இப்படிச் சாய்த்து வைத்தால் ஏறுகிறது’ என்று சொல்ல வைக்கிறது. அந்த நிலைக்கு வந்துவிட்ட கேபிளை டேப் சுற்றிப் பயன்படுத்துவது ஆபத்தானது. குறிப்பாகத் தலையணைக்கும் மெத்தைக்கும் நடுவே அதை விடக் கூடாது. ஆகவே வாங்கும்போது கழுத்தைச் சற்று வளைத்துப் பாருங்கள். அங்குள்ள ரப்பர் உறை குறைந்தது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு, கேபிளை நோக்கிப் படிப்படியாக மெலிந்து, கேபிளோடு சேர்ந்து ஒரே சீராக வளைய வேண்டும். கட்டையாக நின்று, அது முடியும் விளிம்பில் கேபிள் பட்டென்று மடிந்தால், முறிவு அந்த விளிம்பில்தான் வரும். டேப்லெட்டை ஊன்றி வைத்துப் பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, முனை பக்கவாட்டில் திரும்பியிருக்கும் ‘எல்’ வடிவக் கேபிள் மிகவும் ஏற்றது. ஊன்றும்போது அதன் கழுத்து மடங்குவதில்லை.

நைலான் நூல் பின்னிய கேபிள் உழைக்கும் என்ற நம்பிக்கை கடைகளில் பரவலாக இருக்கிறது. பின்னல், மேல்தோல் தேய்வதையும் கீறல் விழுவதையும் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கழுத்தின் தரத்தையோ உள்ளே இருக்கும் கம்பியின் கனத்தையோ அது கூட்டுவதில்லை. மெல்லிய கம்பியைப் பின்னலுக்குள் மறைத்து, தடித்த கேபிளாகக் காட்டி விற்பதும் எளிது. பி.வி.சி. தோல் மலிவானது, ஆனால் நம் ஊர் வெயிலில் நாளாக நாளாக விறைத்து வெடிக்கும். டி.பி.இ. எனும் ரப்பர் போன்ற தோல் அந்த வகையில் மேல். சிலிக்கோன் தோல் வெப்பத்துக்கு அசையாது, சுருண்டு முறுக்கிக்கொள்ளாது, எனினும் கூர்மையான பொருள் பட்டால் கிழியும். ‘பத்தாயிரம் முறை வளைத்துச் சோதித்தது’ என்று உறையில் அச்சிடுகிறார்கள். எத்தனை பாகை வளைத்தார்கள், எவ்வளவு எடையைத் தொங்கவிட்டு வளைத்தார்கள் என்று சொல்லாத வரை, அந்த எண்ணை வைத்து ஒரு கேபிளை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. நிறத்தைப் பற்றியும் தங்க முலாம் பூசிய வெளிக்கூட்டைப் பற்றியும் எழுத ஒன்றுமில்லை.

செருகுமுனையை உற்றுப் பார்த்தால் மேலும் சில விவரம் தெரியும். டைப்-சி முனையின் நீள்வட்ட உலோகக் கூடு நல்ல கேபிள்களில் இணைப்புத் தடமின்றி ஒரே வார்ப்பாக இருக்கும். மலிவானவற்றில் தகட்டை மடித்துச் சேர்த்த கோடு தெரியும், அந்தக் கோடு நாளடைவில் விரிந்து முனை ஆட்டம் காணும். டைப்-சி அமைப்பில் தேயக்கூடிய வில் (ஸ்பிரிங்) பாகங்களை டேப்லெட்டுக்குள் வைக்காமல் கேபிளின் முனைக்குள் வைத்திருக்கிறார்கள், தேய்ந்தால் விலை குறைந்த கேபிளை மாற்றினால் போதும் என்பதற்காக. பத்தாயிரம் முறை செருகி எடுக்கும் உழைப்பு அதன் தரநிலையில் கோரப்படுகிறது. தினம் இரண்டு முறை என்று வைத்தாலும் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வரும் என்னும்போது, ஓராண்டுக்குள் முனை தளர்ந்துவிடும் கேபிள் அந்தத் தரநிலையை எட்டவில்லை என்றே கொள்ள வேண்டும். முனை முழுவதும் உள்ளே போகாமல் தளர்வாக நின்றால், புதிய கேபிள் வாங்குவதற்கு முன் டேப்லெட்டை அணைத்துவிட்டு அதன் துவாரத்தைப் பாருங்கள். உள்ளே பஞ்சும் தூசியும் அடைத்திருக்கும். மரத்தாலான பல்குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம், ஊசியோ கொண்டை ஊசியோ கூடாது. முனையின் தொடுதகடுகளில் கருத்த புள்ளி விழுந்திருந்தால் ஈரம் பட்டிருக்கக்கூடும். அந்தக் கேபிளை விட்டுவிட வேண்டும்.

எந்த டேப்லெட்டுக்கு எது பொருந்தும் என்பதிலும் குழப்பம் நிறைய இருக்கிறது. இருபுறமும் டைப்-சி முனை கொண்ட கேபிள் எதுவானாலும் குறைந்தது 3 ஆம்பியர் தாங்க வேண்டும் என்பது விதி. 20 வோல்ட்டில் அது 60 வாட். 5 ஆம்பியர் தாங்கும் கேபிளுக்குள் தன் திறனை அடாப்டருக்கு அறிவிக்கும் ஒரு சிறு சிப் இருந்தாக வேண்டும். யு.எஸ்.பி. தரநிலையை வகுக்கும் அமைப்பு, சான்று பெற்ற கேபிள்களுக்கு 60 வாட், 240 வாட் என்ற குறிகளை 2021இல் கொண்டுவந்தது. 15 வாட், 25 வாட்டில் சார்ஜ் ஆகும் டேப்லெட்டுக்கு 60 வாட் கேபிளே தாராளம். 240 வாட் கேபிளுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஒன்பிளஸ், ஒப்போ, ரியல்மீ போன்ற நிறுவனங்களின் தனிவகை வேக சார்ஜிங் மட்டும் அவரவர் கேபிளில்தான் முழு வேகத்தில் நடக்கும். பழைய ஐபேடுகளில் உள்ள லைட்னிங் துவாரத்துக்கு, ஆப்பிள் உரிமம் பெற்றுச் செய்த கேபிளைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு முனை பழைய அகல வடிவமும் மறு முனை டைப்-சியும் உள்ள கேபிளில் கூடுதல் கவனம் தேவை. எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கலாம் என்று டேப்லெட்டுக்கு உணர்த்தும் 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று டைப்-சி முனைக்குள் இருந்தாக வேண்டும். அதற்குப் பதில் 10 கிலோ ஓம் வைத்துவிட்டால், அடாப்டரால் கொடுக்க முடியாத 3 ஆம்பியரை டேப்லெட் இழுக்கப் பார்க்கும். கூகுள் நிறுவனப் பொறியாளர் பென்சன் லியூங் 2015இல் இத்தகைய கேபிள்களை வாங்கிச் சோதித்து விமர்சனம் எழுதத் தொடங்கினார். 2016 பிப்ரவரியில், கம்பிகள் இடம் மாற்றி இணைக்கப்பட்ட ஒரு கேபிள் அவருடைய மடிக்கணினியையே பழுதாக்கியது. அடுத்த மாதம் அமேசான் நிறுவனம், தரநிலைக்குப் பொருந்தாத டைப்-சி கேபிள்களைத் தன் தளத்தில் விற்கத் தடை விதித்தது. கேபிள்தானே என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டில் அடாப்டருக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு இருக்கிறது; அதன் மேல் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணைப் பார்த்து வாங்கலாம். டைப்-சி கேபிளுக்கும் முனைக்கும் ஐ.எஸ்./ஐ.இ.சி. 62680-1-3 என்ற தரநிலையை அமைவனம் 2023 ஜனவரியில் வெளியிட்டது. அந்த எண்ணைத் தாங்கிய கேபிள் உறை எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011இன்படி, பொட்டலமிட்ட பொருளின் மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். பொருளின் அளவு முக்கியமானதாக இருந்தால் அந்த அளவும் குறிக்கப்பட வேண்டும். நீளத்தை அச்சிடுவது இவ்வகையில் ஏற்கெனவே விதிக்குள் வருகிறது. கம்பியின் கனத்தையும் ஆம்பியரையும் அதோடு சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பொருளின் தரம், அளவு, திறன், தூய்மை, தரநிலை, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. வெறும் பிளாஸ்டிக் கவரில் ஒரு சொல்லும் இல்லாமல் தொங்கும் கேபிளை வாங்குபவர் அந்த உரிமையைப் பயன்படுத்த வழியே இல்லை. நூறு ரூபாய்ப் பொருளுக்கு ரசீது கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ரசீது இருந்தால்தான் மாற்றித் தரும்படி கேட்க முடியும், மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியவும் உதவும்.

மதுரையிலுள்ள கைப்பேசித் துணைக்கருவிக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடாப்டருக்கும் கேபிளுக்கும் இடையே செருகி வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும் சிறிய யு.எஸ்.பி. மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, வாடிக்கையாளர் கொண்டுவரும் டேப்லெட்டில் கேபிளைச் செருகி எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டி விற்றால், நல்ல சரக்கு வைத்திருக்கும் கடைக்கே அதனால் ஆதாயம். தரமான கேபிளை விலை சொல்லி விற்கத் தயங்கும் நிலையும், பக்கத்துக் கடையின் மலிவுச் சரக்கோடு போட்டி போட முடியாமல் தாமும் அதையே வாங்கி வைக்க வேண்டிய நிலையும் அவர்களுக்கு வராது.

பொட்டலப் பொருட்கள் விதிகளின் அமலாக்கம் தமிழகத்தில் தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. எடைக்கற்களையும் தராசுகளையும் சோதிக்க வரும் அத்துறை அலுவலர்கள், விவரம் அச்சிடாத கேபிள் உறைகளையும் சோதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் நேரத்தில் டேப்லெட்டும் கேபிளும் கூடுதலாக விற்பனையாகும் என்பதால், மே மாதத்திலேயே மதுரை நகரக் கடைகளிலும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் கடைவீதிகளிலும் இந்த ஆய்வை நடத்தும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்பணியாளர் பயிற்றுநர்,
திருநகர், மதுரை.